பீங்கானுக்குள் ஓர் உலோகக் கூடு
1774 வாக்கில் பாரிசுக்கு அருகே, மருந்து வணிகர் துஷாத்தோ தன் பல் செட்டைப் பீங்கானில் செய்ய முயன்றார்.

இன்றைய பீங்கான் பற்களில் எனக்குப் பிடித்தது, பல்லின்மேல் மாட்டும், உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப். உள்ளே அரை மில்லிமீட்டர் அளவே கனமான நிக்கல்-குரோமியக் கூடு. சூட்டில் அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடுதான் பீங்கானைப் பற்றிக்கொள்கிறது. உலோகக் கருமையை மறைக்க முதலில் ஒளி புகாத பூச்சு. பிறகு தூரிகையால் ஈரப் பீங்கான் மாவு, அடுக்கடுக்காக. ஏறத்தாழ 900 டிகிரிச் சூட்டில் சுருங்கும் என்பதால் பல்லைச் சற்றுப் பெரிதாகவே கட்டுவார்கள். எத்தனை நுட்பமான கை!

ஆறும்போது உலோகம் பீங்கானைவிட மயிரிழை கூடுதலாகச் சுருங்க வேண்டும். அந்த வித்தியாசம் பீங்கானை இறுக்கி வைக்கிறது. இழுத்தால் விரிசல் விடும் பொருள், அழுத்தத்தைத் தாங்கும். ஈறோரம் சாம்பல் கோடு தெரிகிறதென்று இப்போது பலர் உலோகமில்லாத சிர்கோனியா கேப்பைக் கேட்கிறார்கள். கடைவாய்க்கு நான் உலோகக் கூடு உள்ள கேப்பையே சொல்வேன்.