லூசில் பாலும் படச்சுருள் உரிமையும்

1951-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகவே ஒளிபரப்பாயின. மேற்குக் கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, திரையில் ஓடும் காட்சியை மறுபடி படம்பிடித்த மங்கலான பிரதிதான். நடிகை லூசில் பாலும் நியூயார்க்குக்கு வந்து நடிக்க வேண்டும் என்று சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் எதிர்பார்த்தது. அவரும் கணவர் டெஸி ஆர்னாஸும் லாஸ் ஏஞ்சலஸை விட்டு நகர மறுத்தார்கள். சினிமாவைப் போல 35 மி.மீ. சுருளில் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். செலவு கூடியது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருள்களின் உரிமையைத் தங்கள் டெஸிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். இப்படி உருவான 'ஐ லவ் லூசி' தொடரைப் பற்றி எழுதும் எவரும் அது தந்த சிரிப்புக்கு ஈடாக இந்த ஒப்பந்தத்தையும் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்போது அவருக்கு வயது நாற்பது. 'ஸ்டேஜ் டோர்' (1937) போன்ற படங்களில் பெயர் வாங்கியும் முதல்வரிசை நாயகியாக ஹாலிவுட் அவரை ஏற்கவில்லை. 1948-இல் தொடங்கிய வானொலித் தொடர்தான் அவரை நகைச்சுவைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதைத் தொலைக்காட்சிக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோது, கியூபாவில் பிறந்த ஆர்னாஸ்தான் கணவராக நடிக்க வேண்டும் என்று லூசில் பால் பிடிவாதம் பிடித்தார். சிபிஎஸ் தயங்கியது. இருவரும் 1950-இல் ஊர் ஊராக மேடையேறி, பார்வையாளர்கள் தங்களை ஏற்பார்கள் என்று நிரூபித்தார்கள்.

படப்பிடிப்பில், பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் சுழன்றன. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், 'மெட்ரோபொலிஸ்' படத்தில் பணியாற்றியவர். மூன்று கோணங்களுக்கும் பொருந்தும்படி மேலிருந்து பரவும் ஒளியை அமைத்தார். அதனால் நடிப்பு துண்டுபடாமல் ஓடியது. 1952-இல் வந்த சத்து மருந்து விளம்பர அத்தியாயத்தைப் பாருங்கள். மருந்தில் மதுச்சத்து இருப்பது, விளம்பரத்தில் நடிக்கும் லூசி பாத்திரத்துக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி உள்ளே போகிறது. நாக்கு குழறுவதும் கண் சொருகுவதும் படிப்படியாக, அளந்து வைத்ததுபோல் ஏறுகின்றன. அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்கிற நடிப்பு அல்ல இது. எழுத்தாளர்களில் ஒருவரான மேடலின் பியூ உடல் சேட்டைகளைத் தானே செய்து பார்த்த பிறகே எழுத்தில் வைத்தார். லூசில் பால் அவற்றைக் கடுமையாக ஒத்திகை பார்த்தார்.

அவர் கருவுற்றபோது அதையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். கர்ப்பம் என்ற சொல்லையே ஒளிபரப்பில் உச்சரிக்கவில்லை. பிரதிகளைக் கத்தோலிக்க, புரொட்டஸ்டண்ட், யூத மதகுருக்கள் படித்துப் பார்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையிலும் நிஜத்திலும் குழந்தை பிறந்தது. அன்று இரவு சுமார் 4.4 கோடிப் பேர் அந்த அத்தியாயத்தைப் பார்த்தார்கள்.

லூசில் பாலுக்கு முன்பே கெர்ட்ரூட் பெர்க் 'தி கோல்ட்பெர்க்ஸ்' தொடரை எழுதி, தயாரித்து, நடித்தார். அது நேரலை, விளம்பரதாரரை நம்பியே நின்றது. சக நடிகர் ஃபிலிப் லோப் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று பட்டியலிடப்பட்டதும் விளம்பரதாரர் விலகினார், 1951-இல் சிபிஎஸ் தொடரை நிறுத்தியது. 1953-இல் லூசில் பாலையும் அதே சந்தேகம் தொட்டது. 1936-இல் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிந்திருந்தார், தாத்தாவின் மனம் கோணாமலிருக்க என்று விளக்கினார். புகழின் உச்சியில் இருந்தவரை விளம்பரதாரர் கைவிடவில்லை. அந்தக் காலத்தின் அநீதியை இந்த இரண்டு முடிவுகளும் அப்பட்டமாகக் காட்டுகின்றன.

'ஐ லவ் லூசி'யின் உரிமையை லூசில் பாலும் ஆர்னாஸும் பிறகு சிபிஎஸ்ஸுக்கே விற்றார்கள், 1957-இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை வாங்கினார்கள். ஒருகாலத்தில் லூசில் பால் சம்பளத்துக்கு நடித்த இடம் அது. மணமுறிவுக்குப் பின், 1962-இல், ஆர்னாஸின் பங்கையும் வாங்கித் தனியாகத் தலைமை ஏற்றார். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் அவர் காலத்தில் டெஸிலுவில் உருவானவை. 1967-இல் நிறுவனத்தை விற்றார்.

லூசில் பாலின் பிந்தைய தொடர்களில் உரிமைக்கும் பணத்துக்கும் குறை இருக்கவில்லை. ஆனால் 'ஐ லவ் லூசி'யில் தோழி எதெலாக வாழ்ந்த விவியன் வான்ஸ் 1965-இல் நிரந்தரப் பாத்திரத்திலிருந்து விலகிய பிறகு, லூசியின் திட்டத்தைக் கேட்டு முதலில் பயந்து, பிறகு தானும் சிக்கிக்கொள்ளும் முகம் எதிரே இல்லை. 1986-இல் வந்த கடைசித் தொடர் எட்டு அத்தியாயங்களோடு நின்றது. எழுபத்தைந்து வயதிலும் அவர் சேட்டைகளைத் துல்லியமாகவே செய்தார்; அவற்றை வாங்கித் திருப்பித் தர ஆளில்லை.