ஊழலின் காரணங்கள்: ரிக்ரஷன் எதை அளக்கிறது?

ஒரு நாட்டில் ஊழல் ஏன் அதிகமாக இருக்கிறது, இன்னொரு நாட்டில் ஏன் குறைவாக இருக்கிறது? இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்போம். வறுமை, சம்பளம் பத்தாது, சட்டம் சரியில்லை, ஜனங்களே சரியில்லை... 1990களின் நடுவில் பொருளாதார ஆய்வாளர்கள் இதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம்னு இறங்கினார்கள். கையில் எடுத்த கருவி ரிக்ரஷன். நம் பாடப்புத்தகங்கள் தொடர்புப் போக்கு என்று சொல்வது இதைத்தான்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்ட கட்டுரைகளில் ஒன்று, டேனியல் ட்ரைஸ்மன் 2000-ல் ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ் இதழில் எழுதியது. முறை எளிமையானது. ஒரு வரிக்கு ஒரு நாடு. ஒரு நிரலில் அந்த நாட்டின் ஊழல் மதிப்பெண். பக்கத்து நிரல்களில் தனிநபர் வருமானம், மதம், எந்த நாட்டின் காலனி, எத்தனை காலமாக ஜனநாயகம், கூட்டாட்சியா இல்லையா, இறக்குமதி எவ்வளவு என்ற விவரங்கள். மற்றவை எல்லாம் சமமாக இருந்தால் இதில் ஒன்று மாறும்போது ஊழல் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று ரிக்ரஷன் கணக்குப் போட்டுச் சொல்லும்.

ட்ரைஸ்மனுக்குக் கிடைத்த விடை இது: புராட்டஸ்டன்ட் மரபுள்ள நாடுகள், பிரிட்டிஷ் ஆட்சியின் வரலாறு உள்ள நாடுகள், பணக்கார நாடுகள், இறக்குமதிக்குக் கதவு திறந்த நாடுகள் ஆகியவற்றில் ஊழல் குறைவு. கூட்டாட்சி நாடுகளில் அதிகம். இன்றைக்கு ஜனநாயகமா என்பது பெரிய விஷயமில்லை. பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஜனநாயகமாக இருந்ததா என்பதுதான் விஷயம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி அட்டவணை கையில் கிடைத்தால் காரணங்களின் பட்டியலுக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்கணும். அந்த முதல் நிரல், ஊழல் மதிப்பெண், எங்கிருந்து வந்தது?

பெர்லினில் இருக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995-ல் 41 நாடுகளுக்கு முதல் பட்டியலை வெளியிட்டது. நியூசிலாந்து முதலிடம், இந்தோனேசியா கடைசி. பட்டியலின் பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது: அது ஊழல் குறித்த எண்ணங்களின் குறியீடு. தொழிலதிபர்களும் நிபுணர்களும் ஒரு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு. லஞ்சம் வாங்குபவர் ரசீது கொடுப்பதில்லை, வேறு வழியும் இல்லை என்பது நியாயம்தான். ஆனால் ரிக்ரஷன் அப்போது விளக்குவது ஊழலையா, ஊழல் பற்றிய அபிப்பிராயத்தையா?

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். அளவீட்டில் கொஞ்சம் பிழை இருக்கும், அதனால் கணிப்பின் துல்லியம் குறையும், ஆனால் முடிவு ஒருபக்கமாகச் சாயாது என்பார்கள். புள்ளியியல்படி சரியான பதில், ஒரு நிபந்தனையோடு. அந்தப் பிழைக்கும் பக்கத்து நிரல்களுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. பணக்கார நாடு என்றால் சுத்தமாகத்தான் இருக்கும்னு நினைக்கிற ஒருவரிடம் மதிப்பெண் வாங்கி, பிறகு வருமானத்துக்கும் ஊழலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கணக்குப் போட்டால் என்ன வரும்? அவர் உள்ளே போட்டதுதான் வெளியே வரும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. பெஞ்சமின் ஓல்கன் இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை ஆராய்ந்தார். பொறியாளர்கள் போட்ட சாலையைத் தோண்டி எவ்வளவு பொருள் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். பொருளின் விலையையும் கூலியையும் விசாரித்து, கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். காணாமல் போன பணம் கிட்டத்தட்ட நேராகவே தெரிந்துவிட்டது. பிறகு அதே கிராமத்து மக்களிடம், இங்கே ஊழல் நடந்ததா என்று கேட்டார்கள். மக்களின் எண்ணத்துக்கும் காணாமல் போன பணத்துக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மிக மெல்லியது. அதைவிட முக்கியம், பல இனத்தவர் கலந்து வாழும் கிராமங்களில் ஊழல் அதிகம் என்று மக்கள் நினைத்தார்கள். சாலையைத் தோண்டிப் பார்த்த கணக்கோ, அங்கேதான் குறைவு என்றது!

இதை பாவ்லோ மௌரோவின் புகழ்பெற்ற 1995 கட்டுரையோடு சேர்த்து வைத்துப் பாருங்க. ஊழல் முதலீட்டைக் குறைக்கிறது என்று காட்டிய கட்டுரை அது. அதில் ஊழலுக்குக் கருவி மாறியாக அவர் பயன்படுத்தியது, ஒரு நாட்டில் எத்தனை இனங்கள், மொழிகள் கலந்திருக்கின்றன என்ற குறியீடு. ஊழல் மதிப்பெண் அங்கேயும் வெளி மதிப்பீட்டாளர்களின் கருத்துதான். கிராம அளவில் கிடைத்ததை அப்படியே நாடுகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் தன் ஊர்ச் சாலையில் தினமும் நடக்கிறவருக்கே இப்படித் தவறுமென்றால், தலைநகர் ஹோட்டலில் தங்கிப் போகிற ஆலோசகரின் மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. 1998-ல்கூடப் பட்டியலில் இருந்தவை 85 நாடுகள். டென்மார்க், ஸ்வீடன், நார்வே எல்லாம் புராட்டஸ்டன்ட் மரபும் கொண்டவை, பணக்கார நாடுகளும்தான், பழைய ஜனநாயகங்களும்தான். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க அத்தனை நாடுகள் உலகத்தில் இல்லை.

ட்ரைஸ்மனை இங்கே பாராட்டியே ஆகணும். 2007-ல் இந்தத் துறையின் பத்தாண்டு ஆய்வுகளை அவரே மறுபரிசீலனை செய்தார். எண்ணங்களை விட்டுவிட்டு, "நீங்கள் லஞ்சம் கொடுத்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்ட சர்வே தரவுகளைப் போட்டுப் பார்த்தார். வளர்ச்சி குறைந்த நாடுகளில் லஞ்ச அனுபவம் அதிகம் என்பது நின்றது. மற்ற காரணங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை.

அப்படியானால் எண்ணக் குறியீடுகள் குப்பையா? இல்லை. ரே ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகேலும் நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதங்களை எண்ணினார்கள். 1997 முதல் 2002 வரை, 1,50,000-க்கும் மேல். தூதர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு, யாரும் எதுவும் செய்ய முடியாது. ஊழல் மதிப்பீட்டில் மோசமாக இருந்த நாடுகளின் தூதர்களே அதிகம் விதிமீறினார்கள். ஆக, குறியீட்டில் விஷயம் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002 கடைசியில் அபராதம் கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்கலாம் என்று விதி வந்தது. விதிமீறல் சுமார் 98 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய மதமோ காலனி வரலாறோ அந்தச் சில மாதங்களில் மாறிவிடவில்லை.

ஓல்கனின் சாலைகளிலும் இதே கதைதான். தணிக்கை நடக்கும் வாய்ப்பை 4 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தியபோது, காணாமல் போன செலவு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. நாடுகளை வரிசைப்படுத்தும் ரிக்ரஷனில் இந்தத் தகவல் கிடைக்காது.

இதெல்லாம் கல்விக்கூடச் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2004-ல் தொடங்கிய அமெரிக்காவின் மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன், உதவி பெறும் தகுதிக்கு ஊழல் கட்டுப்பாட்டுக் குறியீட்டில் தேற வேண்டும் என்று விதி வைத்தது. அதே வருமானப் பிரிவு நாடுகளின் நடுமதிப்பைத் தாண்டணும். அந்தக் குறியீடும் பெரும்பாலும் எண்ணங்களால் ஆனது. ஒரு ஏழை நாட்டுக்குச் சாலை வருமா வராதா என்பதை, "ஏழை நாடு, பல இனங்கள், அப்படித்தான் இருக்கும்" என்ற யாரோ ஒருவரின் நினைப்பும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அந்தச் சாலையை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.