மலிவு மாண்டலினும் மரத்தின் குரலும்

நரம்புக் கருவி ஒன்றின் தகுதியை அளக்கும் கோல் யாது? விலையா, செய்தவர் பெயரா, பழமையா, எழும் ஒலியா? ஒலியே என்று எல்லோரும் விடை கூறுவர். ஆயினும் விலையைக் கேட்ட பின்னரே நம்மிற் பலர் செவியைத் திறக்கின்றனர்.

அண்மையில் தேக்காவில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இதனை நேரிற் கண்டேன். உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் தன் பாட்டனார் விட்டுச்சென்ற மாண்டலினைக் கொண்டுவந்திருந்தான். ஜப்பானில் செய்யப்பெற்றது, 1960களில் சுங்கை சாலைப் பழம்பொருட் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கியதாம். அங்கிருந்த இசையறிந்த பெரியவர் அதனைக் கையில் வாங்காமலே, "தம்பி, இது விளையாட்டுப் பொருள். அப்பாவிடம் சொல்லி நல்லதாக ஒன்று வாங்கு, பிறகு கற்றுக்கொள்ளலாம்" என்றார். மாணவன் ஒன்றும் பேசாமல் கருவியைப் பையில் இட்டு மூடினான். பெரியவர் கூற்றுச் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தை ஈண்டு நினைவு கூர்வோம். இசைப் போட்டியில் தன்முன் நீட்டப்பெற்ற யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது. ஒன்று வாளால் வெட்டுண்டது. ஒன்று இடியேறு உண்டது. நரம்பினுள் மயிர் கிடப்பதையும் எடுத்துக் காட்டுகிறான். அவன் விலையை வினவினான் அல்லன். மரத்தையும் நரம்பையுமே நோக்கினான். திருத்தக்கதேவர் காட்டிய அம்முறையையே மாண்டலினுக்கும் கொள்வோம்.

மாண்டலின் இத்தாலியில் உருவான கருவி. நேப்பிள்ஸ் நகர வகையின் முதுகு சுரைக்குடுக்கை போற் புடைத்திருக்கும். பிற்கால வகைகளில் தட்டை முதுகும் உண்டு. எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக இணைந்து நான்கு இணைகளாக நிற்கும். வயலினுக்குரிய சுருதியே இதற்கும் உரியது. வில் இல்லை, சிறு தகட்டால் மீட்டுவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாண்டலின் குழுக்கள் பல தோன்றின. வாங்குவோர் பெருகவே தொழிற்சாலைகளும் பெருகின. சிகாகோவில் 1892இல் தொடங்கப்பெற்ற ஹார்மனி நிறுவனமும், ஜப்பானின் நகோயா நகரத்துச் சுசுகி நிறுவனமும் எளியோர்க்கு எட்டும் விலையில் மாண்டலின்களைச் செய்து விற்றன. இன்று பழம்பொருளாகக் கைமாறும் மலிவுக் கருவிகள் பெரும்பாலும் இத்தகைய தொழிற்சாலைகளின் பிள்ளைகளே.

இனி ஒலியை நோக்குவோம். மாண்டலினின் தந்தி குறுகியது. ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பத்தரும் சிறியது. ஆதலின் ஒலி கூர்மையாக எழுந்து விரைவில் அடங்குகிறது. ஒரு சுரத்தை நீட்ட வேண்டின், தகட்டை மேலும் கீழுமாக விரைந்து செலுத்த வேண்டும். அந்த நடுக்கமே மாண்டலினின் அழகு. இணைத் தந்திகள் இரண்டும் மயிரிழையளவு பிசகி நிற்கும்போது எழும் சிறு அலைவும் அவ்வழகோடு சேர்கிறது.

விலையுயர்ந்த கருவியில் மேற்பலகையைக் கையாற் செதுக்கி, இடத்துக்கு இடம் தடிப்பை மாற்றி அமைப்பர். அதனால் மந்தரமும் தாரமும் ஒத்து ஒலிக்கும். மலிவுக் கருவியில் இவ்வுழைப்பைக் காண்பது அரிது. பலகை தடித்திருக்கும்; கீழிரு இணைகளில் முழக்கம் குன்றும். இஃது உண்மையான குறையே, மறைத்தல் கூடாது. ஆனால் மேலிரு இணைகளில் அதற்கென ஒரு குரல் உண்டு. வறண்ட, மெலிந்த, ஒளிவு மறைவற்ற குரல் அது. பாடுவோர் குரலை அது மூடுவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒலித்து விலகி நிற்கும். மெல்லிசைக்கும் நாட்டுப் பாடலுக்கும் இப்பண்பு பெரிதும் பொருந்துவது.

அவ்வாறாயின் பழைய மாண்டலின் யாவும் நல்லனவோ எனின், அல்ல. பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது என்பது உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தில் உணர்த்திய கருத்து. நாள் செல்லச் செல்ல மரம் இனிமை பெறும் என்பர் ஒரு சாரார். கேடுற்றவை குப்பைக்குப் போயின, நல்லன எஞ்சின, அதனாலும் பழையவை சிறந்தனவாகத் தோன்றலாம் என்பதையும் எண்ணுதல் வேண்டும். மேலும், சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது. பழங்கருவிகள் பல விலங்குத் தோலினின்று காய்ச்சிய பசையால் ஒட்டப்பெற்றவை. ஈரமும் வெப்பமும் கூடினால் அப்பசை இளகும். சீவகன் கண்ட நீர்க்குற்றம் நம் தீவில் அலமாரிக்குள்ளேயே நேர்கிறது.

ஆகவே சோதித்தறிதல் வேண்டும். ஒலித்துளையின் விளிம்பை விளக்கொளியில் நோக்குக. மேலே காணும் மர இழை விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்து சென்றால் அது முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப் பலகை. பலகையை விரலால் மெல்லத் தட்டுக. உள்ளே சலசலப்புக் கேட்டால் தாங்குசட்டம் விட்டிருக்கக்கூடும். கழுத்து நேரானதா என்று கண்ணோட்டுக. மலிவுக் கருவிகள் பலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் இரும்புக் கம்பி இல்லை. மிக வளைந்ததைச் செப்பனிடும் செலவு கருவியின் விலையையே விஞ்சிவிடும். பின்னர்ப் பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டுக. அதே மெட்டில் அழுத்தியும் மீட்டுக. இரு சுரமும் ஒன்றாயின் நன்று. வேறுபடின், குதிரையைச் சற்றே நகர்த்தினால் பெரும்பாலும் சீராகும்.

நம் இசைக்கு மாண்டலின் ஒவ்வாது, கமகம் அதில் பேசாது என்று தடை எழுப்புவாரும் உளர். தடையில் உண்மை உண்டு. இணைத் தந்திகளை ஒருங்கே இழுத்து அசைத்தல் அரிது. அசைத்து முடிக்குமுன் ஒலியும் அடங்கிவிடும். இத்தடையைக் கடந்து காட்டியவர் உப்பலப்பு சீனிவாஸ். 1969இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்த அவர், ஆறாம் அகவையில் தந்தையாரின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அவர் ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதனைக் கருவியில் எழுப்புவான். இணைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, மின்விசையால் ஒலியை நீட்டி, கமகத்துக்கு வழி கண்டார் சீனிவாஸ். 2014இல் அவர் மறைந்தபோது கருநாடக இசை மேடையில் மாண்டலின் அயற்கருவியாக இல்லை. வயலினும் முன்னொரு நாள் இவ்வாறு வந்து நிலைபெற்றதன்றோ!

விலையைப் பற்றியும் ஒரு சொல். 1923இல் கிப்சன் நிறுவனம் செய்த மாண்டலின் ஒன்றை, அமெரிக்க நாட்டுப்புற இசைஞர் பில் மன்றோ 1940களில் மயாமி நகரத்து முடிதிருத்தகம் ஒன்றில் 150 டாலருக்கு வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வகைக் கருவிகள் இன்று ஓர் இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோகின்றன. அவ்விலையை ஏற்றியதில் மன்றோவின் கைக்குப் பெரும் பங்குண்டு.

மீண்டும் தேக்காவுக்கு வருவோம். பெரியவர் சென்றபின் பையைத் திறக்கச் சொன்னேன். மேற்பலகை முழுப் பலகையே. கழுத்தும் நேரே இருந்தது. குதிரைதான் இடம் மாறி இருந்தது. அதனை நகர்த்திப் புதுத் தந்தி கட்டினோம். கீழ்ச்சுரங்கள் மெலிந்தே ஒலித்தன, மேற்சுரங்கள் பாடின. தன் பாட்டனார் வாசித்த பாடல் ஒன்றை மாணவன் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான். அது விளையாட்டுப் பொருள் அன்று. கற்பதற்குப் போதிய கருவி.

சுங்கை சாலைச் சந்தை 2017 சூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. ஆங்கு வாங்கிய கருவிகள் சில இன்னும் நம் அடுக்குமாடி வீடுகளின் அலமாரிகளில் உறங்கக்கூடும். மாணவன் ஒருவன் அத்தகைய ஒன்றைத் தூக்கி வந்தால், ஆசிரியப் பெருமக்கள் விலையைக் கேளாது அதனை வாங்கி ஒருமுறை மீட்டிப் பார்ப்பார்களாக. குற்றம் இருப்பின் சீவகனைப் போல் எடுத்துக் காட்டி ஒதுக்கலாம். பாராமல் ஒதுக்கினால் இழப்பு மாண்டலினுக்கு அன்று, மாணவனுக்கே.