குந்தியின் மறைப்பும் தருமனின் வினாவும்

கர்ணனைப் பற்றித் தமிழில் எழுதியோருட் பெரும்பாலார் அவனது கொடையையும் செஞ்சோற்றுக் கடனையுமே பேசியுள்ளனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962 ஆம் ஆண்டிலே பேராதனையிற் 'கர்ணன் போர்' கூத்தினை மேடையேற்றியமையால், பல்கலைக்கழகத்தாருக்கும் அவன் நன்கு அறிமுகமானவனே. ஆயின் அவனைப் பெற்றவள் பெரும்பாலும் இரக்கத்துக்குரியவளாக மட்டுமே காட்டப்பட்டு வந்துள்ளாள். இரக்கம் வேண்டியதே, அவ்விரக்கம் ஆராய்ச்சிக்குத் தடையாதல் வேண்டியதில்லை. பாரதக் குடும்பத்தின் அழிவிற்குச் சூதும் மண்ணாசையும் காரணங்களாயின, ஒரு தாய் தனியே எடுத்துத் தனியே காத்த முடிவொன்றும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கதாகும்.

எம்முடிவைக் கூறுகின்றோம் என்பதைத் தெளிவுபடுத்தல் நன்று. மணமாகாத இளம்பெண் ஒருத்தி பழிக்கஞ்சிக் குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டமையைக் குற்றமெனச் சாதிப்பது எளிது, அது நியாயமாகாது. அவளுக்கு அன்று வேறு வழி இருந்ததாக வியாசர் காட்டவில்லை. வழி பின்னர்த் திறந்தது. மக்கட்பேறற்ற பாண்டு, பிறர் மூலம் புதல்வரைப் பெறுமாறு குந்தியை வேண்டும் இடத்தில், நூல்கள் ஏற்றுக்கொள்ளும் புதல்வர் வகைகளை அவளுக்கு எடுத்துரைக்கின்றான். அவ்வரிசையிலே கானீனனும், அதாவது கன்னிப் பருவத்திற் பெறப்பட்ட மகனும், இடம்பெறுகின்றான். கணவனே வாயிலைத் திறந்து வைத்துவிட்டான் எனலாம். குந்தி அப்பொழுது துருவாசர் அருளிய மந்திரத்தைப் பற்றிச் சொல்கின்றாள். அம்மந்திரம் முன்னரே ஒருமுறை பயன்பட்டதைச் சொல்லவில்லை. பாதி உண்மை கூறப்பட்ட அக்கணத்திலேயே மற்றைப் பாதி பொய்யாகிவிடுகின்றது. ஆற்றங்கரையில் அவள் செய்தது அச்சத்தின் செயல். இங்கே செய்தது முடிவு. பாரதத்தைக் கற்போர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வதன் காரணம் எமக்கு விளங்கவில்லை.

படைக்கல அரங்கேற்றத்தின்போது, கவசத்தாலும் குண்டலத்தாலும் மகனை இனங்கண்டு அவள் மூர்ச்சித்து வீழ்கின்றாள். கிருபர் அவனது குலத்தை வினவுகின்றார். விடை அறிந்தவள் பார்வையாளர் மத்தியிலேயே இருக்கின்றாள். அவள் வாய் திறவாமையால் விடையளிக்கும் வாய்ப்புத் துரியோதனனுக்குக் கிட்டுகின்றது. அவன் அங்க நாட்டை அளித்து ஒரு தோழனை விலைக்கு வாங்கிக்கொள்கின்றான்.

உத்தியோக பருவத்திலே, விதுரன் கூறியன கேட்டுக் கலங்கிய குந்தி தானே முடிவுசெய்து கங்கைக் கரைக்குச் செல்கின்றாள். வெயிலின் வெம்மை தாளாது, வழிபாட்டில் நின்ற மகனது மேலாடையின் நிழலிலே அவள் காத்து நிற்பதாக வியாசர் அமைத்த காட்சி மறக்கற்பாலதன்று. தாயைப் போல எனக்கு எதுவும் செய்யாத நீ, உன் நலன் கருதியே இன்று வந்தாய் எனக் கர்ணன் முகத்துக்கு நேரே கூறுகின்றான். ஆயினும் அருச்சுனன் ஒழிந்த நால்வரையும் கொல்லேன் என வாக்களிக்கின்றான். ஐந்து புதல்வர் என்னும் கணக்கு அவளுக்குக் குறையாது. அக்கணக்கிலே பேரர் இல்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். வீமன் மகன் கடோற்கசனைக் கர்ணன் கொன்றான். கர்ணன் மகன் விருடசேனனை அருச்சுனன் கொன்றான். சிறிய தந்தை இன்னாரென அறியாமலே விருடசேனன் மாண்டான். பேசாது காத்த மறைப்பின் பலனை அடுத்த தலைமுறை அனுபவித்தது.

வில்லிபுத்தூரார் இக்கதையை வேறு திசையில் நடத்துகின்றார். அவரது காப்பியத்திலே குந்தி கண்ணனால் அனுப்பப்பட்டு வருகின்றாள். நாகக்கணையை மறுமுறை தொடாமை, நால்வரைக் கொல்லாமை என்னும் இரு வரங்களையும் கேட்பிப்பவன் அவனே. தாயின் பொறுப்பு இவ்வாறு கடவுளின் சூழ்ச்சிக்குள் மறைந்துவிடுகின்றது. பின்னர்ப் போர்க்களத்திலே வீழ்ந்த மகனை மடிமேற் கிடத்தி அவள் புலம்புமிடத்திலே மறைபொருள் வெளியாகின்றது. வில்லி பாரதம் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் நிறைவுறுவதால், போரின்பின் நிகழும் நீர்க்கடனுக்கு அங்கே இடமில்லை. வெளிப்பாடு களத்திலேயே நிகழ்ந்தாக வேண்டும். அவலச்சுவையில் அப்பகுதி ஈடற்றது. எனினும் மறுநாட்போர் உடனே தொடங்கிவிடுவதால், உண்மையறிந்த தம்பியர் அதனோடு வாழ்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு அக்காப்பியத்தில் நேரமில்லை. கண்ணீர் அங்கே வினாவை விழுங்கிவிட்டது என்பது எம் துணிபு.

வியாசரிடத்தில் அவ்வினா தருமனின் வாயிலிருந்து எழுகின்றது. கங்கையில் இறந்தோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையிலே, கர்ணனுக்கும் செலுத்துக, அவன் உங்கள் தமையன் எனத் தாய் கூறுகின்றாள். முன்னரே அறிந்திருப்பின் இக்குலநாசம் நேர்ந்திராதே என்று தருமன் அரற்றுகின்றான். இனிப் பெண்கள் மறைபொருளைக் காவாதொழிக என்று சபிக்கவும் செய்கின்றான். ஒருத்தி செய்ததற்காக எல்லாப் பெண்டிரையும் சபித்தல் அறமன்று. அன்றியும் அம்மறைபொருளைக் காத்தோர் பெண்டிர் மட்டுமோ? கண்ணன் அறிந்திருந்தான், கானீனன் தாயை மணந்தவனுக்கே மகனாவான் என்னும் நூல்விதியைக் கர்ணனுக்கு எடுத்துக் கூறியவனும் அவனே. தான் அறிந்திருந்ததை வீடுமர் அம்புப் படுக்கையிலே ஒப்புக்கொள்கின்றார். தருமன் அறிந்தால் அரசை ஏலான் என்று கூறிக் கண்ணனது வாயை அடைத்தவன் கர்ணனேயாவான். அறிந்தோர் யாவரும் தத்தமக்கு உகந்த நியாயத்தோடு மௌனித்தனர். அம்மௌனத்தால் தமையனைக் கொல்லப்போகும் தம்பியர் மட்டுமே அறியாதிருந்தனர். முதன்முதல் மறைத்தவளின் அச்சம் ஈற்றில் பலரது அரசியலாயிற்று.

சாந்தி பருவத்தின் தொடக்கத்திலே, நாரதரிடம் தருமன் கூறும் செய்தியொன்று உண்டு. சூதாடிய அவையிலே கர்ணன் கொடுஞ்சொற்கள் பேசிய வேளையில் தனக்குச் சினம் பொங்கிற்றென்றும், அவனது பாதங்களைக் கண்டதும் அச்சினம் அடங்கிவிட்டதென்றும் அவன் கூறுகின்றான். அப்பாதங்கள் தாய் குந்தியின் பாதங்களை ஒத்திருந்தன. அவ்வொப்புமைக்குக் காரணம் யாதென அவன் பலகாலும் எண்ணிப் பார்த்தான். அவனுக்கு அது புலப்படவில்லை.