பதினெட்டு டிவி, ஒண்ணுலயும் சத்தம் இல்லை

போர்ட்லண்டுக்கு மேற்கே இருக்கிற பீவர்டன்ல புதுசா ஒரு ஸ்போர்ட்ஸ் பார் திறந்திருக்காங்க. போன வாரம் போய்ப் பார்த்தேன். சிக்கன் விங்ஸ் நல்ல மொறுமொறுப்பு. உள்ளூர் பீர் வகைகள் நிறைய. பரிமாறுறவங்களும் அன்பாத்தான் பேசுறாங்க. ஆனா சுவர் முழுக்கப் பதினெட்டு டிவி, ஒண்ணுலயும் சத்தம் இல்லை. ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் அலறுது. பெண்கள் கூடைப்பந்து போடச் சொன்னா, கழிவறைப் பக்கத்து ஓர டிவியில போட்டுக் கொடுத்தாங்க.

இதைச் சின்ன விஷயம்னு தள்ள முடியாது. 2018 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தில், அரிகே ஒகுன்போவாலே கடைசி நொடியில் போட்ட கூடையால் நோட்டர் டேம் அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 61-58 என்று வென்றது. ஜென்னி நுயென் அதைத் தோழிகளோடு ஒரு பாரில் பார்த்தார், சத்தமே இல்லாமல். அந்த ஆதங்கத்தில் பிறந்ததுதான் 2022-ல் போர்ட்லண்டில் அவர் தொடங்கிய 'தி ஸ்போர்ட்ஸ் ப்ரா'. அங்கே எல்லா டிவியிலும் பெண்கள் விளையாட்டுதான்.

சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் வந்த நூலில், வீடும் வேலையிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' பற்றி எழுதினார். அதன் உயிர் பேச்சு என்பது அவர் வாதம். ஸ்போர்ட்ஸ் பாரில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது வர்ணனை. அது காதுல விழுந்தாத்தான் பக்கத்து மேசைக்காரர் "அது ஃபவுலே இல்லை"ன்னு நம்மகிட்ட வம்புக்கு வருவார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பிக்கும்.

அதனால டிவியை எண்ணாதீங்க. ஒரு ராத்திரிக்கு ஒரு ஆட்டத்துக்காவது பாட்டை நிறுத்துறாங்களான்னு பாருங்க. இப்போதைக்கு இது நல்ல விங்ஸ் கடை, அவ்வளவுதான்.