கடலோடியும் அவன் சொற்களும்

பழைய ஆங்கிலக் கவிதையைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் எடுத்துக்காட்டுவன அதன் கூட்டுச்சொற்களே. கடலுக்குத் 'திமிங்கிலப் பாதை' என்றும் உடலுக்கு 'எலும்பு இல்லம்' என்றும் பெயரிட்ட திறத்தை வியந்து மேற்செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வியப்பு பொருந்தாததன்று. எனினும், 'கடலோடி' என இன்று வழங்கும் பாட்டை அந்த ஓர் அளவுகோலால் மட்டும் அளப்பது போதாது என்பது நம் கருத்து. அப்பாட்டின் உயிர் குளிர், உறைபனி, ஆலங்கட்டி, பறவை என்னும் வெறும் பெயர்களில் இருக்கிறது.

எக்ஸ்டர் நகரின் முதல் ஆயரான லியோஃப்ரிக் (மறைவு 1072) தம் பேராலயத்திற்கு வழங்கிய கையெழுத்துப்படியில் இப்பாட்டு உள்ளது. ஏறத்தாழ 124 அடிகள். ஆசிரியர் பெயர் இல்லை. தலைப்பும் பிற்காலப் பதிப்பாசிரியர் இட்டதே.

பாட்டில் பேசுபவன் இரவுக் காவலில் கப்பலின் அணியத்தில் நிற்கிறான். மரக்கலம் பாறைகளையொட்டி அலைக்கழிகிறது. பாதங்களைப் பனி விலங்கிட்டுப் பிணிக்கிறது. ஆலங்கட்டி பொழியும்போது அதனைத் தானியங்களுள் மிகக் குளிர்ந்தது என்கிறான். பழைய ஆங்கில எழுத்துகளின் பெயர்களைப் பாடும் மற்றொரு பாட்டு, அதே ஆலங்கட்டியைத் தானியங்களுள் மிக வெண்மையானது என்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. மற்றொன்று தோல் உணர்வதைச் சொல்கிறது. விளைநிலத்தை விட்டு வந்தவனுக்குக் கடலில் கிட்டிய விளைச்சல் இதுவே என்னும் கசப்பும் அந்த ஒரு சொல்லில் ஒலிக்கிறது.

இத்தகைய சொற்கள் யாவும் நிலைக்கவில்லை. காற்றையும் புயலையும் குறித்த 'விண்ட்', 'ஸ்டார்ம்' இன்றும் வாழ்கின்றன. கடும்புயலைக் குறித்த 'யூஸ்ட்' மறைந்தது. பின்னாளில் ஆங்கிலேயர் தொலைகடல்களில் கண்ட காற்றுகளுக்கு அயல்மொழிகளிடம் கடன் வாங்கினர். 'ஹரிக்கேன்' கரிபியத் தீவினர் சொல். 'மான்சூன்' அரபு மூலமுடையது. 'சைக்ளோன்' என்பதோ கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் கிரேக்க மூலத்திலிருந்து ஆக்கி, 1848இல் வெளியிட்ட நூலில் வழங்கியது. (நம் கட்டுமரமும் அம்மொழியில் 'கட்டமரான்' என ஏறியமர்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர்.)

பாட்டின் மிகச் சிறந்த பகுதி பறவைகள் வருமிடம். மனிதரின் சிரிப்பொலிக்கு ஈடாக அவனுக்குக் கிட்டுவது வளைந்த அலகுடைய கரைப்பறவையின் குரல். மது அருந்துவோர் களிப்புக்கு ஈடாகக் கடற்காகத்தின் பாட்டு. புயல் பாறையில் மோதுகையில், இறகில் பனி உறைந்த ஆலா அதற்கு விடை கூறுகிறது. ஆலாவுக்கு அங்கே ஆளப்பட்ட சொல் 'ஸ்டேர்ன்'.

எஸ்ரா பவுண்டு 1911இல் இப்பாட்டை இக்கால ஆங்கிலத்தில் தந்தார். மூலத்தின் மோனையையும் அடியின் தாக்கத்தையும் இவ்வளவு துணிவுடன் எழுப்பியவர் அரியர். செவிக்கு அது விருந்தே. ஆனால் அவர் கையில் 'ஸ்டேர்ன்' என்னும் ஆலா, கப்பலின் பின்புறத்தைக் குறிக்கும் 'ஸ்டெர்ன்' ஆகிவிட்டது. இப்பொருளுடைய சொல் பழைய ஆங்கிலத்திற்கே உரியதன்று. வடமரபினரின் மொழிவழிப் பின்னர் வந்தது. பனி உறைந்த இறகு மட்டும் மிஞ்சிற்று, அதற்குரிய பறவை இல்லாமல்! ஒலியைக் காப்பதற்காகத் தெரிந்தே செய்தார் என வாதிடுவோர் உண்டு. அவ்வாறே கொண்டாலும் இழப்பு இழப்புதான். மனிதத் துணையற்றவனைச் சுற்றிப் பறவைகளை ஒவ்வொன்றாக அமர்த்தி வருகிறார் கவிஞர். புயலுக்கு அவ்விடத்தில் விடை சொன்னது அந்த ஆலா. அதை மரப்பலகையாக்கிய பின் புயல் தனக்குத்தானே இரைவதாகிறது.

மூலத்தில் தேவதூதரைக் குறித்த சொல்லும் அவரிடம் ஆங்கிலேயரைக் குறிப்பதாயிற்று. சமய உரையாகிய ஏறத்தாழ இறுதி 25 அடிகளை அவர் விட்டுவிட்டார். அவ்வடிகள் கவிதையாகத் தளர்ந்தவை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயினும், நிலத்து வாழ்வு இரவல் என்று சொல்லும் உரிமையை அவன் பெற்றது முற்பகுதியின் குளிரில்தான். மது மயக்கத்தில் நகரில் இருப்பவன் இதனை நம்பமாட்டான் என்று அவன் முன்னரே குத்திக்காட்டியதும் இதற்காகவே. முடிவை வெட்டினால் அத்துன்பம் வெறும் பயணக்கதையாகச் சுருங்குகிறது.

இனி, எல்லோரும் புகழும் திமிங்கிலத்திற்கு வருவோம். அணியத்தில் நின்று நடுங்கும் இடத்தில் அது இல்லை. கோடையின் காவலனான குயில் துயரக் குரலில் கூவி அவனை மீண்டும் பயணத்திற்கு எழுப்புகிறது. அவன் மனம் உடலை விட்டுப் பறந்து, நெடுந்தொலைவு சுற்றி, பசியுடன் திரும்புகிறது. திமிங்கிலத்தின் தாயகமும் திமிங்கில வழியும் பாட்டில் வருவது அங்கே மட்டுமே. உடல் வருந்தும்போது ஆலங்கட்டியும் ஆலாவும். மனம் பறக்கும்போதுதான் திமிங்கிலம்.