தனியுரிமையா, அந்தரங்கமா? இணையக் காலத்துச் சட்டச் சொற்கள் பற்றி ஒரு மதிப்பீடு

2017 ஆகஸ்டு 24ஆம் நாள் தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிரைவசி என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வுக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் உள்ளடங்கிய அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார்த் திட்டத்தை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கிலிருந்து கிளைத்த இத்தீர்ப்பு 547 பக்கங்களில், ஆறு தனித்தனி உரைகளாக அமைந்தது. இதனைத் தமிழில் எடுத்துரைத்தோரால் தீர்ப்பின் மையச் சொல்லை மட்டும் ஒருமனதாகப் பெயர்க்க இயலவில்லை. சிலர் 'அந்தரங்கம்' என்றனர். சிலர் 'தனியுரிமை' என்றனர். 'தனிமனித ரகசியம்' என்று எழுதியோரும் உளர். இவை ஒருபொருட் பன்மொழிகள் ஆகா. ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஒரு வழக்கை வாதிடுகிறது. வாசகர் கட்டுரையைப் படித்து முடிக்கும் முன்னரே சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தொழில்நுட்பம், இணையம், நாட்டு நடப்பு குறித்த தமிழ் எழுத்தில் இச்சொற்கள் விளைத்துள்ள குழப்பத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'அந்தரங்கம்' என்னும் வடசொல் உள்ளிடத்தையும் நெருக்கத்தையும் குறிப்பது. முந்தைய தலைமுறையின் உரைநடையில் அந்தரங்கச் செயலாளர், அந்தரங்க நண்பர் என்று கூச்சமின்றி வழங்கியது. நம்பிக்கைக்குரியவர் என்பதே அங்குப் பொருள். இன்று அச்சொல் பெரும்பாலும் படுக்கையறையளவிலும் உடலுறுப்பளவிலும் சுருங்கிவிட்டது. ஆகவே 'உங்கள் அந்தரங்கத்தைச் செயலி சேகரிக்கிறது' என்று படிப்பவர், தாம் மருந்து வாங்கிய கடையையோ நாள்தோறும் ஏறி இறங்கும் மெட்ரோ நிலையத்தையோ நினைப்பதில்லை. வெளியில் சொல்ல இயலாத ஏதோ ஒன்றை நினைக்கிறார். அப்படி எதுவும் தம்மிடம் இல்லை என்று கண்டு அமைதியடைகிறார்.

இந்த அமைதிக்குத் துணையாகத் தமிழர் எடுத்தாளும் பழமொழி ஒன்றுண்டு: மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கண்காணிப்பை ஆதரிப்போர் இதனை, குற்றமற்றவன் அஞ்ச வேண்டுவதில்லை என்னும் பொருளில் கையாளுகின்றனர். ஆனால் பழமொழியின் காட்சியை நோக்குக. வழிநடப்பவன் மடியில் இருப்பது அவனுடைய சொந்தப் பொருள். அவன் அஞ்சுவது கள்வனை. மடியிலுள்ள கனம் குற்றம் என்பது பிற்கால ஏற்றம். முதற்பொருளில் கொண்டால் இப்பழமொழி எதிர்த்தரப்புக்கே சான்றாகும். இன்று கைப்பேசி வைத்திருப்போர் எவர் மடியிலும் கனம் உண்டு.

மறைவும் பிரைவசியும் ஒன்றல்ல என்பதற்கு 1962ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்ட கரக் சிங்கின் பெயரில் உத்தரப் பிரதேசக் காவல்துறை சரித்திர ஏடு தொடங்கி, இரவில் கதவைத் தட்டியும் அவருடைய போக்குவரவைக் குறித்தும் வந்தது. அவர் எதையும் ஒளித்ததாக வழக்கில்லை. அவர் இழந்தது உறக்கமும் தன் வீட்டுக்குள் தான் என்னும் நிலையும் ஆகும். இரவு வருகைகளைச் செல்லாதவை என்று கூறிய நீதிமன்றம், பிரைவசி அடிப்படை உரிமையன்று என்றே அப்போது கருதியது, நீதிபதி கே. சுப்பாராவ் அதனினின்று வேறுபட்டார். புட்டசாமி தீர்ப்பு, கரக் சிங் தீர்ப்பின் அப்பகுதியை நீக்கியது. 'கரக் சிங்கின் அந்தரங்கம் மீறப்பட்டது' என்று தமிழில் எழுதினால் நடந்த கொடுமையே வேறாகிவிடுகிறது.

தமிழுக்கு இப்பொருள் புதிதன்று. 1994இல் இவ்வுரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது ஒரு தமிழ் எழுத்தை முன்னிட்டே ஆகும். மரண தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை எதிர்க்க, ஆசிரியர் தில்லிக்குச் சென்று வழக்காடினார். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில், குடிமகன் தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடக் கோரும் உரிமை 21ஆம் பிரிவில் அடங்கும் என்றும், பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட இசைவு வேண்டுவதில்லை என்றும், அரசு அலுவலர் தம் பணி தொடர்பான செய்திக்கு இப்பாதுகாப்பைக் கோர இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. மூலநூல் தமிழில், தீர்ப்பு ஆங்கிலத்தில். அதன் மையக் கருத்தைப் பேச்சுத்தமிழ் எளிதாகச் சொல்லும்: 'என்னை என் பாட்டுக்கு விடு'. இதற்கு மேல் தெளிவான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை. அதனைப் பெயர்ச்சொல்லாக்க முயலும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அத்தகைய முயற்சிகளுள் இன்று நிலைபெற்றிருப்பது 'தனியுரிமை'. கணினி நிறுவனங்களின் தமிழ் இடைமுகங்கள் இதனையே பெரிதும் ஆள்கின்றன. அளவிற் சிறியது, தூய தமிழ், ஒட்டேற்க வல்லது என்னும் தகுதிகள் இதற்கு உண்டு. குறை, 'தனி' என்னும் அடையில் இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழியில் தனித்தொகுதி என்பது பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்ட தொகுதி; தனி வட்டாட்சியர் என்பவர் குறிப்பிட்ட பணிக்கென அமர்த்தப்பட்டவர். 'தனி' அங்கே ஒதுக்கீட்டையும் சிறப்பையும் குறிக்கிறது. ஆகவே தனியுரிமை என்பதை முதன்முறை கேட்பவர், பிறர்க்கில்லாத உரிமை, சலுகை என்றே பொருள் கொள்வர். சட்டமன்றத்தின் சிறப்புரிமையோடும் இது மயங்குகிறது. 2003 நவம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினர்க்கும் முரசொலி ஆசிரியருக்கும் சிறைத்தண்டனை விதித்தபோது, 'உரிமை மீறல்' என்னும் தொடர் ஆள்வோரின் சிறப்புரிமைக்கே வழங்கியது. 'தனியுரிமை மீறல்' என்பதோ குடிமக்களைக் குறித்தது. ஓர் அடைமொழி வேறுபாட்டால் இவ்விரண்டையும் வாசகர் பிரித்தறிய வேண்டியுள்ளது. மேலும், 'உரிமை' என்பதைச் சொல்லே விழுங்கிவிட்டதால், ரைட் டு பிரைவசி என்பதைத் 'தனியுரிமைக்கான உரிமை' என்று பெயர்க்க நேர்கிறது. அவ்வுரிமை உண்டா என்பதே வழக்காக இருந்த காலத்து விவாதத்தை இச்சொல்லால் எழுதவே இயலாது: 'தனியுரிமை ஓர் உரிமையன்று என அரசு வாதிட்டது' என்னும் தொடர் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது.

எனினும் இச்சொல்லை விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. சட்டநூலுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும். வழக்கில் ஊன்றிய ஒன்றைப் பிடுங்கி வேறொன்றை நடுவதால் பயன் இல்லை. நீதிபதி நரிமன் தம் உரையில் உடல் சார்ந்தது, தகவல் சார்ந்தது, தெரிவு சார்ந்தது என்று மூன்று கூறுகளைப் பிரித்தார். முதற்கூறுக்கு அந்தரங்கம் இன்றும் பொருந்தும். ஏனைய இரண்டுக்கும் பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் மூன்றுக்கும் ஒரே சொல்லை இயந்திரம்போல் இடுவதுதான் பிழை.

'கண்காணிப்பு' என்பதன் நிலையும் கருதத்தக்கது. தேர்வுக் கூடத்திலும் மருத்துவமனையிலும் வழங்கும் நற்சொல் இது. காவல் கண்காணிப்பாளர் என்பது ஒரு பதவி. அரசின் இணைய வேவுக்கு இதனை இடும்போது அக்கறையின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் இதே சொல் கங்காணி என்று திரிந்து எதனைக் குறித்தது என்பதை அறிந்தவர்க்கு அச்சாயல் தோன்றாது. 2021இல் பெகாசஸ் செய்தி வெளிவந்தபோது தமிழ் இதழாளர் 'ஒட்டுக்கேட்பு' என்று எழுதினர். கைப்பேசியில் உள்ள அனைத்தையும் கவரும் மென்பொருளுக்கு 'கேட்பு' போதாது என்பது உண்மையே. ஆயினும் வினையடியாகப் பிறந்த சொல்லாதலால் ஒருவர் மற்றொருவருக்குச் செய்த தீங்கு என்பது அதில் மறையவில்லை. அவ்வகையில் அது தேர்ந்த மொழிபெயர்ப்பு.

இவை அறிஞர்க்கிடையே நிகழும் சொல்லாராய்ச்சி மட்டுமாய் இருந்த காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் இசைவு கேட்கும் வேண்டுகோள் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்றும், அதனை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, இசைவு பற்றிய கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. ஆக, தமிழில் எழுதப்படும் ஒரு பத்தி, இசைவு செல்லுமா செல்லாதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். இவ்வளவு பொறுப்பு மொழிபெயர்ப்பாளர் கையில் அரிதாகவே வருகிறது.

இசைவு என்று மேலே எழுதினேன். கல்வெட்டுகளில் 'இசைவுத்தீட்டு' என வழங்கிய பழஞ்சொல் அது. ஆனால் திரையில் அதனைக் காணும் பலருக்கு அது இசையோடு தொடர்புடையதாகவே படும். 'ஒப்புதல்' எல்லோரும் அறிந்தது. அதுவோ மேலதிகாரி கோப்புக்கு அளிப்பது. காவல் நிலையத்தில் ஒப்புதல் வாக்குமூலமாகக் குற்றவாளி தருவது. 'சம்மதம்' என்பதே வீட்டில் வழங்குவது. பெண்ணிடம் கேட்பது, மறுக்கவும் இடமுள்ளது. நிபந்தனையற்ற, தன்விருப்பமான உடன்பாட்டையே சட்டம் வேண்டுவதால், வடசொல் என்று கருதி இதனைத் தள்ளுவது அறியாமை. 2021இல் வாட்ஸ்அப் தன் கொள்கை மாற்றத்தை ஏற்குமாறு பயனரிடம் கேட்டது சம்மதம் கேட்டதன்று. ஏற்பதா விலகுவதா என்னும் நெருக்கடியாகவே அது இருந்தது. இதன்பொருட்டு 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

கொடுத்த சம்மதத்தை எளிதில் விலக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. 'இசைவை மீளப் பெறுதல்' என்று எழுதினால், நிறுவனம் மறுமுறையும் இசைவு வாங்குவதாகப் பொருள்படும். வேட்புமனுவை வாபஸ் பெறுவதைச் சிற்றூர்க் கிழவியும் அறிவாள். பாரசீக வழிவந்த அச்சொல்லைத் தில்லித் தமிழர் நாள் முழுதும் கடைத்தெருவில் கேட்கின்றனர். தனித்தமிழ் அன்பர் சினந்தாலும், பொத்தானில் 'சம்மதத்தை வாபஸ் வாங்குகிறேன்' என்று பொறிப்பதே சட்டம் கூறும் எளிய மொழியாகும் எனத் துணிந்து கூறுவேன்.

தமிழில் இச்சட்டத்தைத் 'தனியுரிமைச் சட்டம்' என்று சுட்டுவோரும் உளர். இது பிழை. பிரைவசி என்னும் சொல் சட்டத்தின் தலைப்பில் இல்லை. முகவுரையும் தம் தரவைக் காத்துக்கொள்ளும் தனிநபர் உரிமையையும் தரவைக் கையாளும் தேவையையும் மட்டுமே பேசுகிறது. அது மட்டுமன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) உட்பிரிவு, தனிநபரின் பிரைவசியில் தேவையற்று நுழைவதாகும் தகவலை மறுக்கலாம் என்று கூறியிருந்தது. புதிய சட்டம் அதனைத் திருத்தி, தனிநபர் தகவல் என்பதே மறுப்புக்குப் போதும் என்றாக்கியது. அலுவலர் ஒருவரின் பணி பற்றிய விவரமும் இப்போது மறுக்கப்படக்கூடும் எனச் செய்தியாளர் அஞ்சுகின்றனர். 1994இன் தீர்ப்பை அறிந்தவர்க்கு இதன் முரண் விளங்கும். தனிநபர் தகவல், தனியுரிமை என்னும் இரண்டும் தமிழில் 'தனி' என்றே தொடங்குவதால், ஒன்று அகன்று மற்றொன்று அமர்ந்தது தமிழ் வாசகர் கண்ணில் படவில்லை.

இறுதியாக, இச்சட்டத்தின் பிரதிப்பெயர். பால் வேறுபாடின்றி எல்லோரையும் 'ஷீ' என்று பெண்பாற் பெயரால் சுட்டி, அப்பெயர் எப்பாலாரையும் குறிக்கும் என 2ஆம் பிரிவிலேயே வரையறுத்திருக்கிறது. இந்தியச் சட்டங்களில் இது முதன்முறை. தமிழில் 'அவள்' என்றால் மரியாதை கெடும். 'அவர்' என்றால் ஆங்கிலம் வலிந்து செய்த புதுமை தடமின்றி மறையும். 1973ஆம் ஆண்டின் சட்டப்படி அதிகாரமுள்ள தமிழ்ப் பாடத்தைச் செய்பவர்க்கு அந்த வரையறையே சிக்கலாகிறது. 'அவர் என்பது எப்பாலாரையும் குறிக்கும்' என்று எழுதினால் தமிழறிந்த குழந்தைக்கும் அது புதிய செய்தியாகாது. எழுதாது விட்டால் சட்டத்தில் ஓர் உட்பிரிவு குறையும்.